லிஃப்டுக்குள் எழுபத்தொன்பது

"மாப்பிள்ளை, என் பொண்ணு ஸ்கூல்ல சயின்ஸ்ல தேறல. ஆனா..." என்று கல்யாணத்தன்று மாமனார் ஏதோ சொன்னார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வந்தது பௌதிக வாத்தியாருக்கு மறந்து போயிற்று. தேறாதது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய இதயம் ஒருமுறை மக்கர் பண்ணியிருந்தது. எண்பத்தெட்டு கிலோவை எண்பதுக்குக் கீழே இறக்கச் சொன்னார் டாக்டர். இறங்கும்வரை காப்பிக்குச் சர்க்கரை கிடையாது என்றாள் மனைவி. மூன்று மாதமாக நாக்கில் கசப்பு. முள்ளோ அசையவில்லை.

"ஏங்க, எடை பார்க்க லிஃப்டு எதுக்கு?"

"வீட்டுத் தரை கோணல்மா. இதுதான் சமமா இருக்கு."

"சரி, ஏறி நில்லுங்க." நோட்டும் பென்சிலுமாக நின்றாள்.

நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட் கீழே கிளம்பியது. கீழ்நோக்கி முடுக்கம் வந்தால் காலடியில் தாங்கல் குறையும், முள் இறங்கும். இருபது வருஷம் போர்டில் எழுதிய இயக்க விதி இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு உதவி செய்கிறது!

"பார், எழுபத்தொன்பது! எழுது, எழுது!"

அவள் எழுதவில்லை. குனிந்து முள்ளையே பார்த்தாள். நடுவழியில் அது எண்பத்தெட்டுக்குத் திரும்பியது. கீழ்த்தளத்தில் லிஃப்ட் வேகத்தை அடக்கியபோது எகிறியது. அப்போதுதான் எழுதினாள்.

"என்ன எழுதின?"

"தொண்ணூத்தேழு."

"ஐயையோ, அது பொய் எடை! லிஃப்ட் நிக்கறப்போ தரை காலை அதிகமா மேல தள்ளும், அதனால கூடக் காட்டும். ஆளோட கனம் மாறவே மாறாது!"

"ஓஹோ. அப்ப கிளம்பறப்போ?"

வாத்தியார் மெல்ல மிஷினை விட்டு இறங்கினார்.

"இருபது வருஷமா ஹால்ல டியூஷன் எடுக்கறீங்க. சமையலறைக்கு என்ன கதவா இருக்கு?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "உங்களுக்கு எடை குறைஞ்சாப் போதும். எனக்கு நீங்க குறையக் கூடாதுங்க."

கடைசி வார்த்தையில் குரல் லேசாகப் பிசிறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள். வாத்தியாருக்கு மறந்துபோன பாதி அப்போது தானாக வந்து நின்றது: "ஆனா, எதையும் நிக்கிற வரைக்கும் பார்ப்பா, மாப்பிள்ளை."

மாமனாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். நோட்டை வாங்கித் தொண்ணூத்தேழை அடித்து எண்பத்தெட்டு என்று எழுதினார். மிஷினோடு அவளை லிஃப்டில் மேலே அனுப்பிவிட்டு, இனி நாலு மாடியையும் படியேறியே போவது என்று முடிவு செய்தார்.