ஜமீனின் உயிரும் மூன்று வள்ளம் சாமையும்

கார்த்திகை பத்தாம் தேதி காலை எங்கள் வீட்டுச் சேவலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்னவள் என் மனைவி கோகிலவாணி. சொல்லும்போது அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"வார ஞாயித்துக்கிழம தம்பி குடும்பத்தோட வாரானுங்க. புதுச் சாமைச் சோறு போடோணும். சேவல அடிச்சுக் கொழம்பு வெச்சறலாம்."

சேவலின் பெயர் ஜமீன். பெயர் வைத்தவன் முருகானந்தமாகிய நான். கொல்லிமலையில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும், கொஞ்சம் காப்பியும், ஒரு சரிவு நிறையச் சாமையும் எனக்கு உண்டு. ஜமீனுக்கு எதுவும் இல்லை. ஆனால் வாசலில் அது நடப்பதைப் பார்த்தால் நிலமெல்லாம் அதனுடையது, நான் குத்தகைக்காரன் என்று தோன்றும். இந்த வீட்டில் நான் கூப்பிட்டால் உடனே வரும் ஒரே உயிர் அது. அதன் மேல் எனக்குப் பிரியம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஜமீனையா?"

"வேற சேவல் எங்கீங்க இருக்குது?"

"கடைல கறிக்கோழி வாங்கிக்கலாம் புள்ள."

"ஊட்டுல நாட்டுச்சேவல் நிக்கறப்பக் கடைக்கோழி போட்டா எந்தம்பி என்ன நெனைப்பான்? அதுவுமில்லாம, இஞ்சிப் பாத்திய மூணு தடவ கெளறிப் போட்டுருச்சு. சும்மா எங்கிட்டப் பேச்சு வளக்காதீங்க. காப்பிப் பழம் பறிக்கோணும். மூணு வள்ளம் சாமை குத்தோணும். எனக்கு இருக்கறது ரெண்டு கையி."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"சாமை குத்தறதெல்லாம் ஒரு வேலையா? ஒலக்கையத் தூக்கறதுதான் நாம. எறங்கறது அதுவா எறங்குது. பாதி வேலைய பூமியே இழுத்துச் செஞ்சுக்குது."

கோகிலவாணி அவரைக்காயைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நாலு தடவைதான் பார்த்திருக்கிறாள். நாலு தடவையும் நான் எதையாவது இழந்திருக்கிறேன். ஒரு தடவை மீசை.

"அப்படீங்களா? அப்ப இந்த வருசம் நீங்களே குத்துங்க. சனிக்கிழம பொழுது எறங்கறதுக்குள்ள மூணு வள்ளம். வேற ஆரும் ஒலக்கையத் தொடக் கூடாது. குத்தி முடிச்சீங்கன்னா சேவலுக்கு உசுரு. இல்லீன்னா கொழம்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

எங்கள் ஊரில் புதுச் சாமை வந்ததும் முதல் சோற்றுக்கு வீட்டு உரலில் குத்தியதைத்தான் போடுவோம். மிஷினுக்குக் கொண்டுபோவதெல்லாம் அதற்கப்புறம். வள்ளம் என்றால் நாலு படி. மூன்று வள்ளத்துக்குப் பன்னிரண்டு படி. இந்தப் பெருக்கலை நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினேன். கோகிலவாணி கீழ்ச்சரிவில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். உரலில் ஒரு படி சாமையைக் கொட்டினேன். உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே போடு போட்டேன். பாதிச் சாமை வானத்துக்குப் போனது. உரல் வாயில் குந்தாணி என்ற கூண்டை வைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும், அப்போதுதான் தானியம் தெறிக்காது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெறித்ததை ஜமீன் தின்றது. யாருக்காக இந்தப் பாடு என்பது அதற்குத் தெரியாது.

குந்தாணியை வைத்தேன். பத்து குத்து. வலது கை கழன்றது. இடது கைக்கு மாற்றினேன். அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. உலக்கை உரலுக்குள் ஆறு தடவையும், விளிம்பில் மூன்று தடவையும், என் கால் கட்டைவிரலில் ஒரு தடவையும் இறங்கியது. பூமி இழுத்துச் செய்த பாதி வேலை அது ஒன்றுதான். ஒரு மணி நேரம் கழித்து முறத்தில் போட்டுப் புடைத்தேன். சாமை முன்பக்கம் பறந்தது. உமி முறத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் வந்த கோகிலவாணி என் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

"தேங்கா எண்ணெ தடவிக்குங்க. எத்தன படி ஆச்சுங்க?"

"முக்கால்."

"முக்கால் வள்ளமுங்களா?"

"முக்கால் படி."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சின்னுசாமியிடம் போய் நின்றேன். பங்காளி. ஆபத்துக்கு உதவுகிறவர், அதாவது ஆபத்தைப் பெரிதாக்குவதற்கு.

"இதுக்குப் போயி அழுவாங்களா பங்காளி? மூட்டைய என்ற மொபெட்டுல வெய்யுங்க. செம்மேட்டு மிஷின்ல குடுத்தா அரை மணி நேரம். பஞ்சு மாதிரி வந்துரும்."

"கோகிலா கீழ காட்டுல இருக்கறா. ஒரல் சத்தம் கேக்கலீன்னா ஏறி வந்துருவா."

"சத்தந்தானே வேணும்? உங்க செல்போன எடுங்க. எம்பொண்டாட்டி இப்பக் குத்தத்தான் போறா."

சின்னுசாமியின் மனைவி பொன்னாயி கொல்லைப்புறத்தில் குத்த ஆரம்பித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருபது நிமிடம் பதிவு செய்தேன். கடைசி நிமிடத்தில் ஊருக்குள் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அதுவும் பதிவானது. இருக்கட்டும், இயல்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி சரிவில் இறங்கினாள். மூட்டை மொபெட்டில் ஏறியது. நான் உரலுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து, பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பக்திப் பாட்டுக் கேட்க வாங்கியது. கும், கும் என்று கிளம்பிய சத்தத்தில் எதிர்மலை அதிர்ந்தது. நான் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவ்வளவு உழைப்பை அவ்வளவு ஓய்வாக நான் செய்ததே இல்லை. புதன்கிழமையும் அதே உழைப்பு. நல்ல தூக்கம்.

புதன் சாயங்காலம் மூன்று வள்ளத்துச் சாமையரிசியையும் கூடையில் குவித்து வைத்துவிட்டு நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். கோகிலவாணி வந்தாள். ஒரு கை அள்ளினாள். உள்ளங்கையில் தேய்த்தாள்.

"நல்லா வெள்ள வெளேர்னு இருக்குதுங்களே."

"மனசு வெச்சுக் குத்துனேன்."

"உமி எங்கீங்க?"

"காத்துல போயிருச்சு."

"மூணு வள்ளத்து உமியுமா?"

"மலைக்காத்து புள்ள."

"ம். நம்மூருக்குக் காலைல ஒரே பஸ்ஸுதானுங்களே. இன்னைக்கி நாலு தடவ ஆரன் அடிச்சுதே?"

"தீபத்துக்கு ஸ்பெசல் பஸ் விட்டிருப்பாங்க."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்ககூடக் குத்துனது ஆருங்க?"

"ஆரும் இல்லியே. நான் மட்டுந்தான்."

"ரெண்டு ஒலக்கைச் சத்தம் கேட்டுதுங்களே. ஒண்ணு எறங்கறப்ப ஒண்ணு ஏறுது. ரெண்டு நாளும்."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பொன்னாயி தனியாகக் குத்தவில்லை. அவள் மருமகள் கவிதாவும் எதிரில் நின்று மாற்றி மாற்றிக் குத்தியிருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை. கும்மும் கும்மும் எனக்கு ஒரே கும்தான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அப்படி இல்லை. எந்த வீட்டில் எத்தனை பேர் குத்துகிறார்கள், என்ன தானியம், எத்தனையாவது குத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

இரண்டு வழிதான் இருந்தது. மிஷின் என்று சொன்னால் ஜமீன் குழம்பு. வேறொருத்தி வந்து குத்தினாள் என்றால் நான் குழம்பு.

"ரெண்டு ஒலக்கையும் நான்தான் குத்துனேன்," என்றேன். "ஆளுக்கொரு கை. அதாவது, கைக்கொரு ஒலக்கை. பொன்னாயி ஊட்டுல ஒண்ணு கேட்டு வாங்குனேன்."

"ரெண்டு கைலயுமா?"

"பழகிருச்சு."

"அட சாமி," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று இரவும் முட்டை இல்லை, கருவாடு இல்லை, பூசணிக்காய்க் கூட்டுத்தான். நாலு நாளாக இப்படித்தான். எனக்குத் தண்டனை போலும் என்று பேசாமல் தின்றேன்.

வியாழக்கிழமை காலை எழுந்து போனால் உரலுக்குப் பக்கத்தில் இரண்டு உலக்கைகள் நின்றன. கூடையில் உமியோடு மூன்று வள்ளம் சாமை இருந்தது.

"இது என்ன?"

"நேத்துச் சாமைய பொன்னாயி அக்காளுக்குக் குடுத்துட்டனுங்க. அது ரொம்ப வெள்ளையாப் போச்சு. கைக்குத்துன்னு சொன்னாத் தம்பி நம்ப மாட்டான். ரெண்டு கைலயும் குத்தறவருக்கு மூணு வள்ளம் ஒரு வேலையா? அக்கா ஒலக்கையும் வாங்கி வெச்சுட்டேன்."

"நீ காட்டுக்குப் போகலியா?"

"ரெண்டு நாளு லீவு போட்டுட்டனுங்க. நீங்க குத்தறதப் பாக்கோணும்."

முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஜமீனும் வந்து ஒற்றைக் காலில் நின்றது.

வலது கையில் ஒரு உலக்கை. இடது கையில் ஒரு உலக்கை. வலது இறங்கியது. இடது இறங்கியது. உரலுக்குள் இரண்டும் சந்தித்துக்கொண்டன. அந்த அதிர்ச்சி என் தோள் வழியாகப் பல் வரைக்கும் வந்தது. குந்தாணி உருண்டு ஓடியது. ஜமீன் கூரைக்கு ஏறியது. மூன்றாவது முயற்சியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒத்த ஒலக்கைலயே குத்துங்க, பரவால்லீங்க," என்றாள் கோகிலவாணி. பெருந்தன்மை.

குத்தினேன். வியாழன் குத்தினேன். வெள்ளி குத்தினேன். கொப்புளம் உடைந்த இடத்தில் புதுக் கொப்புளம் வந்தது. தூக்கும்போது மூச்சை இழுக்க வேண்டும், விடும்போது கையைத் தளர்த்த வேண்டும், ஏழு குத்துக்கு ஒரு தடவை கை மாற்ற வேண்டும் என்று முக்காலியில் இருந்தபடி அவள் சொன்னாள். சொன்னபடி செய்தால் வந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். சனிக்கிழமை பொழுது மலைக்குப் பின்னால் போகும்போது கடைசிப் படியைப் புடைத்து முறத்தைக் கீழே வைத்தேன். அரிசி பழுப்பாக, மணமாக இருந்தது.

அவள் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "சரிங்க. சேவலுக்கு உசுரு."

ஜமீனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது என் காதைக் கொத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கவலையெல்லாம் மச்சினன் யுவராஜைப் பற்றித்தான். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். கறி இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவனுக்கு. மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருகிறவனுக்குப் பூசணிக்காயா? என்ன சமாதானம் சொல்வது என்று நாலு விதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வண்டி வந்து நின்றது. யுவராஜ் இறங்கினான். கறுப்பு வேட்டி. கறுப்புத் துண்டு. இரண்டு வாரத் தாடி. கழுத்தில் துளசி மாலை.

"மாப்ள," என்று வாய் தானாக ஒப்பித்தது, "கறி ஆக்க முடியாமப் போச்சு, தப்பா நெனைக்க வேண்டாம்..."

"சிவ சிவா. என்னங்க மாமா, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கறப்ப எங்கிட்டப் போயிக் கறியப் பத்திப் பேசறீங்க? கார்த்திகை ஒண்ணாந் தேதியே போட்டாச்சு. அன்னைக்கே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னனே."

நான் அடுப்படிக்குப் போனேன். கோகிலவாணி புது மண்சட்டியில் பூசணிக்காயைக் கிளறிக்கொண்டிருந்தாள். வீடே கழுவி மெழுகியிருந்தது. அதுவும் இப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"ஒண்ணாந் தேதியே உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் பத்தாந் தேதி எதுக்குச் சேவல அடிக்கறேன்னே?"

"சாமைய ஆராச்சும் குத்தோணுமில்லீங்க?"

சாப்பிடும்போது யுவராஜ் மூன்று தடவை சோறு வாங்கினான். கைக்குத்து ருசியே தனி என்றான். "எல்லாம் உங்க மாமா குத்துனது, ரெண்டு கைலயும்," என்றாள் கோகிலவாணி. யுவராஜ் எழுந்து வந்து என் உள்ளங்கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இனி ஜென்மத்துக்கும் உலக்கையைத் தொடுவதில்லை என்று நான் அப்போதே மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

சபதம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இருந்தது. அன்று காலை படுக்கையில் கிடந்தேன். கொல்லைப்புறத்தில் உரல் சத்தம். இரண்டு உலக்கை மாற்றி மாற்றி இறங்குகிறது. இப்போது எனக்கும் காது பழகிவிட்டது. கோகிலவாணியும் பொன்னாயியும் என்று தெரிந்தது. மூன்று நாள் குத்தியதற்கே எனக்குத் தோள் இன்னும் ஏறவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குத்துகிறாளே என்று நினைத்தேன். மனசு தாங்கவில்லை. போர்வையை உதறிவிட்டு ஓடினேன். ஓடும்போது பஸ் ஹாரன் கேட்டது. பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கோகிலவாணி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஜமீன் படுத்திருந்தது. துவைக்கிற கல் மேல் ஸ்பீக்கர் இருந்தது.

"எந்திரிச்சு வந்துட்டீங்களா?" என்று அதை நிறுத்தினாள். "தம்பி போன் பண்ணுனானுங்க. அவங்க குழுவுல பஜனையாம். நாப்பது சாமிக்குச் சோறு போடறாங்களாம். கைக்குத்துச் சாமைதான் வேணுமாம். நீங்க குத்திக் குடுப்பீங்கன்னு சொல்லிட்டனுங்க."

உரல் நிறையச் சாமை இருந்தது. குந்தாணியும் வைத்தாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு உலக்கைகள் சாத்தியிருந்தன.

இரண்டும் எனக்குத்தான்.