தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை, சம்பந்தி

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஐமோ ஹாபாகோஸ்கி அவர்களுக்கு, இக்கரையிலிருந்து தௌனோ குர்கிலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டம்மாவும், இந்தக் குளிரில் விதைத்த உங்கள் உருளைக்கிழங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், வீட்டுக்காரி மைரே, கல்யாணப் பெண் ஹெல்கா, பசுக்கள், நாய் எல்லாரும் சௌக்கியம். பீர் வடிக்கும் தொட்டி மட்டும் சௌக்கியமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன மாதம் நாம் போனில் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் "ஆமா" என்றீர்கள், நான் "ஆமா" என்றேன், அதற்குப் பிறகு லைன் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் இருவரும் வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். இது அப்படிப் பேசி முடிக்கிற விஷயமில்லை. எங்கள் மாப்பிள்ளையாகப் போகிற உங்கள் பிள்ளை இலாரி சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த சனிக்கிழமை கல்யாணம். வழக்கப்படி பெண் வீட்டில் காய்ச்சிய சாஹ்தி பீர் ஒரு பீப்பாய், மாப்பிள்ளை வீட்டு சாஹ்தி ஒரு பீப்பாய், கொட்டகையில் எதிரெதிரே வைக்க வேண்டும். வருகிறவர்கள் எது நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள், நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பீப்பாய் முதலில் காலியாகிறது என்று பாதிரியார் உட்பட எல்லாரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இன்றைக்கு வடித்து ஈஸ்ட் போட்டால்தான் அது கல்யாணத்துக்குள் குடிக்கிற பதத்துக்கு வரும். நாளைக்கு வடித்தால் விருந்தாளிகளுக்கு இனிப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "ரை தானியம் ரொட்டிக்கு சரி. கோப்பைக்குள்ள அதுக்கு என்ன வேலை? எங்க கரையில பார்லி மட்டுந்தான்." நான் சிரித்துக்கொண்டே இன்னொரு பன் எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. எங்கள் கரையில் முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட்டோடு இரண்டு கை ரை மால்ட் போடுவது வழக்கம், நிறத்துக்கும் நாக்கில் லேசாகச் சுருக்கென்று பிடிப்பதற்கும். இந்தத் தடவை உங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று பாதிக்குப் பாதி ரையைக் கொட்டிவிட்டேன். மைரே வாசலில் நின்று பார்த்தாள். "ஏன்யா, பீர் காய்ச்சுறியா, சுவத்துக்குப் பூசப் போறியா?" என்றாள். சரக்கு தெரியாதவர்கள் பேசக் கூடாது என்றேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சம்பந்தி, பானையில் காய்ச்சிய கூழில் கரண்டியை விட்டால் ரைப் பசையில் அது தானாக நின்றது. அப்போதே புரிந்திருக்க வேண்டும், எனக்குப் புரியவில்லை, நல்ல கெட்டி என்று சந்தோஷப்பட்டேன். சௌனா அறைக்குள் ஓரமாக மரத்தொட்டியை வைத்து, அடியில் வடிகட்டியாக ஜூனிப்பர் மரக் கிளைகளைப் பரப்பி, கூழை மேலே ஊற்றி, கீழே இருக்கிற அடைப்பைப் பிடுங்கினேன். ஒரு குமிழி வந்தது, வெளியே எட்டிப் பார்த்தது, திரும்ப உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். சரி, வெந்நீர் ஊற்றினால் இளகும் என்று ஊற்றினேன், வெந்நீர் மேலேயே குளம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. துடுப்பால் கிளறலாம் என்று குத்தினேன், இழுத்தபோது காம்பு மட்டும் கையோடு வந்தது, துடுப்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அப்புறம் பக்கத்து வீட்டு லெம்பி சொன்னாளே என்று கீழே குழாய் மாட்டி வாயால் ஊதினேன். மேலே அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கூழ் எழும்பி நேராக அவள் முகத்தில் அடித்தது. "யோசனை என்னோடதுதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று துடைத்துக்கொண்டாள். சிந்தினதை நக்கின நாய் இப்போது வாய் ஒட்டிக்கொண்டு குரைக்க முடியாமல் என்னையே பார்க்கிறது.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், தொட்டி சௌனாவுக்குள் இருக்கிறது, இன்று சனிக்கிழமை. யார் வந்து எதைச் சொன்னாலும் வடிகிற வரைக்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது என்று நான் கதவில் குறுக்கே நின்றேன். லெம்பி துண்டும் கையுமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மைரே துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெல்கா வந்தாள், இலாரியும் வந்தான். கடைசியில் மைரே எழுந்து, "கல்யாணமாகி வந்ததுலேருந்து சனிக்கிழமை குளிக்காம நான் படுத்ததில்ல. புள்ள பெத்த வாரங்கூட குளிச்சேன். உன் கூழுக்காக அழுக்கோட படுக்கணுமா? தள்ளுய்யா" என்று என்னை நகர்த்திவிட்டு, அடுப்பில் விறகைத் திணித்துப் பற்றவைத்துவிட்டாள். தொட்டியை வெளியே தூக்க நாலு ஆள் வேண்டும் என்று அது அங்கேயே கிடக்க, முதலில் பெண்கள் முறை என்று அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

போகும்போது ஹெல்கா என் தோளைத் தட்டி, "விடுப்பா. கடையில பீர் வாங்கி ஊத்திக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் சம்பந்தி, என் ஒரே பெண்ணின் கல்யாணத்தில் என் பக்கத்துப் பீப்பாயில் கடை பீர் இருக்கும் என்று நினைத்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ரை ரொட்டிக்குத்தான். உங்கள் பார்லி சாஹ்தியை இரண்டு பீப்பாயாகக் கொண்டுவாருங்கள். ஒன்றை எங்கள் பக்கம் வைத்துக்கொள்கிறேன். எது முதலில் காலியானாலும் பெருமை உங்களுக்கே. இனி என் ஆயுள் உள்ளவரை உங்கள் எதிரில் ரையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் வீட்டு அடுப்பில் நெருப்பும், ஏரியில் மீனும், கூடையில் ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும். வீட்டம்மாவுக்கு மைரேயின் அன்பையும், பெரியவர்களுக்கு என் மரியாதையையும் சொல்லவும்.

தாழ்மையுள்ள,
தௌனோ குர்கிலா

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இவ்வளவு அழகாக என் கையெழுத்து இன்னொரு முறை வராது. உறையை ஒட்டப்போன நேரத்தில் லெம்பி துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, "யோவ் தௌனோ, உன் தொட்டி ஒண்ணுக்குப் போகுது, வாளி எங்க?" என்றாள். ஓடிப் போய்ப் பார்த்தால், சௌனாச் சூட்டில் கூழ் இளகி, செக்கச்செவேலென்று சாறு நூல் பிடித்தமாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் குடித்தேன். மைரேக்கு ஒரு வாய் கொடுத்தேன். அவள் கோப்பையை மறுபடி நீட்டினாள்.

பிறகு ஆண்கள் முறை வந்தது. மேல் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் பிள்ளை தொட்டியைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் சனிக்கிழமை சூட்டுலதான் மாமா இறங்கும்" என்றான். "பார்லிக்கு எதுக்குப்பா இவ்வளவு சூடு? அது தண்ணி மாதிரி ஓடுமே" என்றேன். பையன் காது வரை சிவந்து, "பார்லிக்கு இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தண்ணீரை அள்ளிச் சூடான அடுப்புக் கற்களில் ஊற்றினான். அவனைத் திட்டாதீர்கள். சௌனாவில் யாருக்கும் பொய் வராது.

ஆகவே நீங்கள் ஒரே பீப்பாய் கொண்டுவந்தால் போதும். அதில் பார்லி மட்டும்தான் இருக்கிறது என்று கேட்பவர்களிடமெல்லாம் நானே சொல்கிறேன். பதிலுக்கு, எல்லாரும் பார்க்க முதல் கோப்பையை எங்கள் பீப்பாயிலிருந்து நீங்கள் குடிக்க வேண்டும். குடித்துவிட்டுப் பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். "ஆமா" என்றால் போதும்.