எலுமிச்சம்பழமும் என் மின்சார மோட்டாரும்

நான் விவரமானவன் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது எங்கள் ஊரான லூனாஸில், ஒரு கோயில் வாசல் லொங்காங்கில் (சாக்கடை என்று சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது) முடிந்தது.

அப்போது தேவியைக் கட்டிக்கொள்ள அவள் அப்பாவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் முப்பது வருடமாகக் கப்சாய் மோட்டார் (கியர் போட்டு ஓட்டும் சின்ன பெட்ரோல் பைக்) பழுதுபார்க்கும் பட்டறைக்காரர். அவரைக் கவர நான் என்ன செய்தேன்? மின்சார மோட்டார் வாங்கினேன். அது போதாதென்று அவர் பட்டறையிலேயே உட்கார்ந்து, பெட்ரோல் வண்டிகளுக்கெல்லாம் இனி பழைய இரும்புக் கடைதான் என்று அரைமணி நேரம் விளக்கினேன். (நாக்கில் சனி.) அவர் ஸ்பானரைத் துடைத்தபடி, வெள்ளிக்கிழமை வண்டி பூசைக்கு வருகிறேன், வண்டியையும் உன்னையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம், சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். தேவியின் அப்பா வெள்ளை வேட்டியில் கைகட்டி ஓரமாக நின்றார். பூசாரி கற்பூரம் காட்டி முடித்தார்.

"ஸ்டார்ட் பண்ணி ரெண்டு முறுக்கு முறுக்குங்க தம்பி. பழத்து மேல அப்புறம் ஏத்தலாம்."

எங்கள் ஊரில் எல்லாப் புது மோட்டாரும் நின்ற இடத்திலேயே, நியூட்ரலில், இரண்டு உறுமல் உறுமிவிட்டுத்தான் பழத்தை நசுக்கும். என் கைக்குப் பத்து வருடப் பழக்கம். இந்த வண்டியோ ஏற்கெனவே உயிரோடுதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. நியூட்ரலும் இல்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், அரைமணி நேரம் விளக்கியவனாயிற்றே. ஆனால் கைக்கு யார் சொல்வது? ஹேண்டலை முறுக்கினேன்.

பழம் நசுங்கியது. தேங்காய்த் தட்டு பறந்தது. பூசாரி அந்த வயதில் அப்படித் தாவுவார் என்று யாரும் நினைக்கவில்லை. வண்டியும் மாலையும் நானுமாக லொங்காங்கில் இறங்கினோம். அங்கேயும் பின்சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றி, தேவி அப்பாவின் வேட்டிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது. கடைசியில் அவர்தான் குனிந்து சாவியைத் திருகினார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு தன் பழைய கப்சாயில் கயிறு கட்டி, சேறு வழிய நான் உட்கார்ந்திருக்க, என் மின்சார மோட்டாரைக் காப்பிக்கடை வழியாகப் பட்டறைக்கு இழுத்துப் போனார். பட்டறைக்கு வந்ததும் வேட்டியைப் பிழிந்தபடி அங்கே காத்திருந்த தேவியிடம் சொன்னார்:

"லொங்காங்குல விழுந்தும் ஹேண்டல விடல பாரு. பிடிச்சத விடாத பையன்லா. தேதி பாக்கச் சொல்லு."

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. மாமா இன்னும் எல்லா விசேஷத்திலும் இதைச் சொல்கிறார். நானும் அடக்கமாகத் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். தேவி மட்டும் என் இலையில் எலுமிச்சை ஊறுகாய் வைக்கும் சாக்கில் காதருகே குனிவாள்.

"விட்டிருந்தா வண்டி கோயில் வாசல்லயே நின்னிருக்கும்லா."