கேளாக் காது

“ஓடுறப்போ உட்கார ஆசை, உட்கார்ந்தப்புறம்...” என்று மாமனார் ஒன்று சொல்வார். அதன் பின்பாதி, எவ்வளவு யோசித்தும் எஞ்சின் டிரைவருக்கு நினைவுக்கு வரவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்து பல காலமாயிற்று. அவர் மகளைக் கேட்கலாம். மகள் இவருடைய மனைவிதான். ஆனால் அவள் வீட்டில் இல்லை.

அவள் வீட்டில் இல்லாததுதான் கதையே.

ஓய்வு பெற்றபின் எங்கே குடியேறலாம் என்று பேச்சு வந்தபோது இந்த நகரத்தைச் சொன்னவர் டிரைவர்தான். ஆகவே பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. வேலைக் காலம் முழுக்க இந்த நகரத்தின் வழியாக ரயில் ஓட்டியவர். ரயிலிலிருந்து தெரிவது ஊரின் முதுகு. கிடங்குச் சுவர்கள், கொடியில் காயும் துணிகள், சமையலறைப் புகைபோக்கிகள். முகம் அந்தப் பக்கம் இருந்தது. அருங்காட்சியகம், நாடக அரங்கம், ஓவியக் கூடம், ஆற்றங்கரையில் கச்சேரி மண்டபம். இரவு வண்டி பாலத்தைத் தாண்டும்போது மண்டபத்து விளக்குகள் மட்டும் தண்ணீரில் ஒரு கணம் ஆடி மறையும். ‘ஒரு நாள் அவளோட அங்கே உட்காரணும்’ என்று நினைப்பார். நினைத்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த ஸ்டேஷனில் இருக்கும்.

குடித்தனமும் அதே வேகத்தில்தான் நடந்தது. அவர் வீடு திரும்பும்போது அவள் தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பும்போது அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருப்பார். எதிரெதிர் வண்டிகள் ஒரு ஸ்டேஷனில் நின்று விலகிப் போவது போல வாசற்படியில் விலகிக்கொண்டார்கள்.

ஓய்வு வந்தது. நகரம் வந்தது. மண்டபத்தில் அவள் பக்கத்தில் உட்காரவும் செய்தார். விளக்கை அணைத்தார்கள். வயலின்கள் மெல்லத் தொடங்கின. அத்தனை வருஷம் இருட்டில் இமை கொட்டாமல் விழித்திருந்த மனுஷர், இங்கே ஓட்டுவதற்கு எதுவுமில்லை என்று தெரிந்ததும் தூங்கிப்போனார். சும்மாவும் தூங்கவில்லை. மேடையில் இருந்தவர்கள், இந்த வாத்தியத்தை யார் உள்ளே கொண்டுவந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் எதிர்வீட்டு அம்மாளோடு போகத் தொடங்கினாள். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற பல் டாக்டர். தூங்காதவர்.

“இன்னிக்கு எங்கே?” என்பார் டிரைவர்.

“ஓவியக் கூடம்.”

“நேத்துதானே போனீங்க?”

“நேத்து பழைய ஓவியம். இன்னிக்குப் புதுசு.”

“நாளைக்கு?”

“நாடகம். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுத் தூங்குங்க.”

“நான் எதுக்குத் தூங்கணும்?”

“நீங்க தூங்காம வீட்ல இருந்து நான் பார்த்ததே இல்லையே!”

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொள்ளும். படிக்கட்டில் இரண்டு பெண்களின் சிரிப்பு இறங்கிப் போகும். சன்னலுக்கு வெளியே நகரம் முழுக்க ஏதோ நடந்துகொண்டிருக்கும். அவர் மூடிய பாத்திரத்தைத் திறந்து பார்த்து மறுபடியும் மூடுவார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் தனியாகவே அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கேதான் அந்தக் கிழத் தம்பதியைப் பார்த்தார். கணவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது. ஒவ்வொரு சிலை முன்னாலும் அந்த அம்மாள் எக்கி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகே ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அடுத்த சிலை. மறுபடியும் தோள், மறுபடியும் காது. டிரைவர் சிலைகளை விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே கூடம் கூடமாகப் போனார். காவலர் இவரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

“காபி போடட்டுமா?”

பதில் இல்லை.

“ஏங்க, காபி?”

“ஆ?”

“என்ன ஆ? காதுல என்ன?”

“ஏதோ சொல்றியா? உதடு அசையுது, சத்தத்தைக் காணோம்.”

எஞ்சின் இரைச்சலில் காலம் கழித்த காது. எப்போது வேண்டுமானாலும் போகும் உரிமை அதற்கு உண்டு. அவள் கிட்டே வந்தாள். குனிந்தாள். தோளில் கை வைத்தாள். “காபி... போடட்டுமா?” கன்னத்தில் மூச்சுக் காற்று பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

அந்த ஒரு வாரம் அவர் வாழ்ந்த வாழ்வு, ராஜாவுக்கும் கிடைக்காது. அவளே அவரை ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். காதருகே, “இது ஆறு... இது படகு...” என்றாள். ஆறு எது, படகு எது என்று அவருக்குத் தெரியாதா என்ன? “ஆ?” என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். “காது டாக்டர்கிட்ட போவோமா?” என்பதை மட்டும் எவ்வளவு கத்திச் சொன்னாலும் அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் வினை வந்தது. ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னலைப் பார்த்ததும் ஒருவர் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி நகராது. தூக்கத்தில் சொன்னாலும் திருப்பிச் சொல்லும் அளவுக்கு அது எலும்பில் ஊறியிருந்தது. சாலையைக் கடக்கும் இடத்தில், அவருக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, கைப்பைக்குள் எதையோ தேடியபடி, தனக்குத்தானே சொல்வதுபோல முணுமுணுத்தாள்.

“சிவப்பு.”

“சிவப்பு!” என்று முழங்கிவிட்டு, கையை நீட்டி நின்றார் டிரைவர்.

நின்ற பிறகுதான், தான் காது கேட்காதவர் என்பது நினைவுக்கு வந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் பையைத்தான் துழாவிக்கொண்டிருந்தாள். முகத்தில் சலனமே இல்லை. ‘தப்பிச்சேன்’ என்று நினைத்தார். தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரின் பொய்களையெல்லாம் முத்திரை குத்தி அனுப்பியவளின் முகம் அது என்பதை மறந்துவிட்டார்.

மறுநாள் மாலை ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தாள். திறந்தால் வயலின்.

“முதியோர் இசை வகுப்புல சேர்ந்துட்டேன்,” என்று அவர் காதுக்குள் கத்தினாள். “வீட்டுல பயிற்சி பண்ணணுமாம். யாருக்குத் தொந்தரவோன்னு யோசிச்சேன். நல்லவேளை, உங்களுக்குத்தான் கேக்காதே!”

அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று வில்லை இழுத்தாள். வளைவில் சரக்கு வண்டி பிரேக் போட்டால் சக்கரம் ஒரு சத்தம் போடும். அது அழுதுகொண்டே போட்டால் எப்படி இருக்கும்? அவர் பல்லின் வேர் வரை கூசியது. கால் தானாகத் தரையை அழுத்தியது, வண்டியை நிறுத்த. முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார். “எப்படி இருக்கு?” என்று அவள் கேட்டாள். “ஆ?” என்றார். “சரி, மறுபடியும் முதல்லேர்ந்து!” என்றாள்.

நாலைந்து மாலைகள் இப்படிப் போயின. பிறகு ஒரு நாள் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பெரிய கச்சேரியாமே?”

“ரெண்டு டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன் டாக்டர். நீங்க வாங்க.”

“ஏன், உங்க வீட்டுக்காரர்?”

“காது கேக்காதவரைக் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது?”

டிரைவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்களேன்,” என்றார் டாக்டர்.

“எதுக்கு? பக்கத்துல வெடி வெச்சாலும் தெரியாது. அதுவும் நல்லதுதான் டாக்டர். காது கேட்டா இதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?” மனைவியின் குரல் திடீரென்று தணிந்தது. “எங்க பழைய வீட்டுக்குப் பக்கத்துல ரயில்வே கேட் இருந்துது. ராத்திரி அவர் வண்டி தாண்டும்போது ஊதுவார். எல்லா வண்டியும்தான் ஊதும். ஆனா அவர் ஊதறது மட்டும் எனக்குத் தெரியும். முழிச்சுப்பேன். போறார்னு தெரிஞ்சப்புறம்தான் தூக்கம் வரும். அந்தச் சத்தத்தை வெச்சுக்கிட்டேதான் நான் குடும்பம் நடத்தினேன்.”

செய்தித்தாள் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

“அதனால ஒரு அல்ப ஆசை. இருட்டுல அவர் பக்கத்துல உட்கார்ந்து, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே சத்தத்தைக் கேக்கணும். அவர் தூங்கினாத்தான் என்ன? அன்னிக்கு ஏதோ வெட்கத்துல விட்டுட்டுப் போயிட்டேன். இப்போ கூப்பிடலாம்னா காது போச்சு. போகட்டும். நீங்க கிளம்பி வாங்க டாக்டர்.”

“நான் வரேன்!”

செய்தித்தாள் தரையில் கிடந்தது. டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

பல் டாக்டர் வியக்கவில்லை. வலியில்லாமல் பிடுங்கிய பல்லைப் பார்ப்பது போல அவரைத் திருப்தியாகப் பார்த்தார். “நல்லதாப் போச்சு. எனக்கு மாடி வரிசையில டிக்கெட் இருக்கு,” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது.

“முன்னாடியே தெரியுமா?” என்றார் டிரைவர்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் இத்தனை நாள் காதுகிட்ட வந்து பேசினே?”

“ஏன், அது உங்களுக்கு மட்டும்தான் பிடிக்குமா?”

அவர் குனிந்து செய்தித்தாளை எடுத்தார். அதை மடித்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை தூங்கிட்டேன்னா?” என்றார்.

“கிள்ளுவேன்.”

“பலமாவா?”

“பல் டாக்டர்கிட்ட கத்துக்கிட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டு மூலைக்குப் போய்க் கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வயலினைத் தோளில் வைத்தாள்.

“வகுப்புல சொல்லிட்டே இருக்காங்க. தப்பு எங்கேன்னு தெரியணும்னா நல்ல காது உள்ள ஒருத்தர் தினமும் பக்கத்துல உட்கார்ந்து கேக்கணுமாம். யாரைப் பிடிக்கறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். இப்போ கவலையில்லை.” வில்லை உயர்த்தினாள். “காது நல்லாக் கேக்குதுல்ல?”

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காது கேட்பது என்று அவர் முடிவு செய்தார்.