ஆறாவது பிளக்

ஞானப்பிரகாசம் கைப்பிடியைச் சுழற்றினான். லாரி இரண்டு தடவை இருமியது. அப்புறம் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஆறாவது பிளக் எஞ்சினைவிட்டுக் கிளம்பிப் போய்க் காலித் தொழுவத்தின் கூரையில் செருகிக்கொண்டது.

வேடிக்கை பார்க்க வந்த வரதராஜன்பேட்டைக்காரர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

“பட்டாளத்து வண்டியாச்சே, துப்பாக்கியும் சேர்த்தே வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்” என்றார் ஒருவர் பயபக்தியோடு.

ஞானப்பிரகாசம் பட்டாளத்தில் ஓட்டியது சப்பாத்திக் கட்டையை மட்டும்தான். ஊர் அவனை மெக்கானிக் என்று நம்பியது. அவனும், பாவம், மறுக்கவில்லை. உழவு மாடு இரண்டையும் விற்று இந்த லாரியை ஏலத்தில் எடுத்துவிட்டான். நாளைக் காலை மாதா கோயில் சாமியார் லாரியை மந்திரித்ததும், மண்டிக்காரரின் கடலை மூட்டைகளோடு அரியலூர் ஸ்டேஷனுக்கு முதல் சவாரி. லாரி வராவிட்டால் மண்டிக்காரர் மாட்டுவண்டிக்குப் போய்விடுவார். இவனுக்குப் போக மாடுகூட இல்லை.

பிளக்கைத் திரும்ப மாட்டினான். அது ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது. ஓட்டையைச் சுற்றி மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பட்டாளத்துக் கிரீஸ் என்று நினைத்துத் துடைத்தான்.

“மரை தேஞ்சு போச்சு” என்று அறிவித்தான். ஊர் தலையாட்டியது.

மனைவி மரியபாக்கியம் வாசலில் நின்றாள். “கவலைப்படாதீங்க. மாதாகிட்ட நேந்திருக்கேன். அம்மாவுக்குக் கால் வலிச்சப்ப வெள்ளியில கால் வெச்சோம், எந்திரிச்சு நடக்கலையா? வண்டிக்கும் ஞாயித்துக்கிழமையே காணிக்கை வெச்சாச்சு.”

“சும்மா இரு புள்ள. இது மெசினு.”

பிளக்கில் சணலைச் சுற்றித் திணித்தான். சணல் தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீரில் மற்ற ஐந்து பிளக்கும் நனைந்தன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஆறாவதைச் சுத்தியலால் நாலு போடு போட்டான். ஓட்டையின் வாயோரத்து மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஞானப்பிரகாசத்துக்கு அழுகை வந்தது. மண்டிக்காரர் நினைவுக்கு வந்தார். விற்ற மாடுகளும் வந்தன.

“ராசாங்கம் ஆசாரியைக் கூப்பிடுங்க” என்றாள் மரியபாக்கியம்.

“தோட்டுக்குத் திருகாணி பண்ற ஆளு லாரியில என்னா பண்ணுவாரு?”

ஆசாரி வந்து எஞ்சினை எட்டிப் பார்த்தார். பிளக்கையும் பார்த்தார்.

“காது பெருசு, தோடு சிறுசு. இது ரெண்டும் சோடியே இல்லையே தம்பி.”

“மரை தேஞ்சா அப்படித்தான் இருக்கும் ஆசாரியாரே” என்றான் ஞானப்பிரகாசம், மெக்கானிக் தோரணையில்.

ஆசாரி தம் பையைப் பிரித்தார். அரக்கை உருக்கி ஓட்டைக்கு அச்செடுத்தார். உடைந்த குத்துவிளக்கின் பித்தளைத் தண்டில் ஒரு துண்டு அறுத்து வளையமாக்கினார். உள்ளே பிளக்குக்கு ஒரு மரை, வெளியே எஞ்சினுக்கு ஒரு மரை, இரண்டையும் பொழுது சாய்வதற்குள் கையாலேயே வெட்டி முடித்தார். மனுசக் கைதானா என்று ஞானப்பிரகாசம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. சப்பாத்தி சுட்ட கைகளைத் தன்னையறியாமல் கட்டிக்கொண்டு நின்றான்.

வளையம் பொருந்தியது. பிளக்கும் பொருந்தியது. கைப்பிடியை ஒரே சுற்று. ஆறு சிலிண்டரும் ஒன்றாக முழங்கின. சிலர் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

“என்னா வேலைங்க இது, ஆசாரியாரே” என்று ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டான் ஞானப்பிரகாசம்.

“நான் சொன்னேன்ல, மாதா கைவிட மாட்டா” என்றாள் மரியபாக்கியம்.

இந்தத் தடவை அவன் அவளை அடக்கவில்லை. ஆசாரியின் விரலில் மாதாதான் வந்து உட்கார்ந்தாள் என்று அவனுக்கும் பட்டது.

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்து லாரியை மந்திரித்தார். மூட்டைகள் ஏறிவிட்டன. மண்டிக்காரர் சிரித்தார். ஞானப்பிரகாசம் புறப்படும் நேரத்தில் மாதா கோயிலில் மணியடிக்கும் கோயிற்பிள்ளை ஓடி வந்து கையை நீட்டினார். கையில் ஒரு பிளக். மற்ற ஐந்தையும் போலவே தடியானது.

“தம்பி, வெள்ளிக் கண்ணு, வெள்ளிக் காலுன்னா ஏலம் விட்டுருவோம், ஞாயித்துக்கிழமை உங்க வூட்டம்மா வண்டியிலேர்ந்தே கழட்டியாந்து வெச்ச இந்தக் காணிக்கையை யாரு எடுப்பா, அதுக்குப் பதிலா எங்கயோ கெடந்த சின்னதை ஓட்டையில மெழுகு வெச்சு ஒட்டுனேன்னு அவங்களே சொன்னாங்க, அதைக் கழட்டிட்டு இதையே மாட்டிக்கயேன்.”