இரண்டு நுனியையும் கட்டிய வட்டம் சேர்

திருகோணமலையில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், கப்பலில் வந்திறங்கி இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று எத்தனை பேரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்துங்கள். வட்டம் சேருக்குக் கிட்ட ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு வரிசையைக் கண்டால் அதன் இரண்டு நுனியையும் பிடித்துக் கட்டி வட்டமாக்காவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் படிப்பித்தார், அதனால் எல்லாருக்கும் அவர் ‘சேர்’. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது, ஒல்லி உடம்பு, சேர்ட்டுப் பொத்தான் எப்போதும் ஒன்று தள்ளிப் பூட்டியிருக்கும்.

வந்த முதல் கிழமையே என் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் கைவைத்தார். இரண்டு தென்னைக்கு நடுவே நேராகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மூன்று தென்னையைச் சுற்றி வளைத்து, நுனியோடு நுனியை முடிந்து வைத்திருந்தார். இழுவைப் படகில் வேலை செய்யும் என் கணவர் வேலை முடிந்து வந்து, தன் சாரத்தை எடுக்கக் குனிந்து தவழ்ந்து உள்ளே போனார். எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்!

“என்ன சேர் இது?”

“அக்கா, கயித்துக்கு நுனி இருந்தால் நுனியிலை தொங்கிற உடுப்புக்கு ஒரு பக்கம்தான் அயல். நடுவிலை இருக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் அயல். அது அநியாயம் எல்லோ?”

“என்ரை சீலைக்கு அயல் வேண்டாம். வெயில் மட்டும் காணும்.”

அவர் யோசித்தார். நிசமாகவே யோசித்தார். அந்த மனிதரோடு கோபமாக இருப்பதில் உள்ள சிக்கல் இதுதான், நாம் ஏசுவதையும் கவனமாகக் கேட்டு நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “சேர், நீங்கள் நாள் முழுக்க என்னதான் கணக்குப் பாக்கிறியள்?”

“குட்டிக் காந்தங்கள் அக்கா. வரிசையா நிக்குதுகள். ஒவ்வொண்டும் ஒண்டில் மேலை பாக்கும், இல்லாட்டிக் கீழை பாக்கும். பக்கத்திலை நிக்கிறது என்ன செய்யுது எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும்.”

“எங்கடை தெரு மாதிரி எண்டு சொல்லுங்கோ.”

“ஓம்! அதேதான்! கோடிக்கணக்கிலை நிண்டு ஒண்டையொண்டு இழுக்கேக்கை கடைசியிலை என்ன நடக்கும் எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. எல்லாரும் உத்தேசமாத்தான் சொல்லுவினம். ஆனா சில மாதிரிகள் இருக்கு அக்கா, கொஞ்சமே கொஞ்சம். அதுகளுக்கு மட்டும் விடை அச்சொட்டா வரும். ஒரு துளி கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.”

‘அச்சொட்டா’ என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பால்சோற்றை வாயில் வைத்த பிள்ளையின் முகம்.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். ஒருநாள் கடற்கரைக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரெதிராக இரண்டு மான்கள் வந்தன. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் நின்றுவிட்டன. மான் இரண்டும் முட்டுவதுபோல நின்று, உரசி, விலகி, தங்கள் தங்கள் பாட்டில் போயின. அந்தக் கூட்டத்தின் நடுவில் சேர் கை தட்டினார்.

“பாத்தீங்களோ! ரெண்டும் வந்த வேகத்திலையே போகுது! சந்திச்சதாலை கொஞ்சம் பிந்தினதுதான். மூண்டு மான் வந்தாலும் ஆர் ஆரை முதல் சந்திச்சாலும் முடிவு ஒண்டாத்தான் இருக்கோணும். அப்பிடி இருந்தால்தான் அச்சொட்டாக் கணக்கு வரும்!”

பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர், “சேர், கணக்கு வரட்டும், நீங்கள் ஒருக்கா வழி விடுங்கோ” என்றார்.

அதற்கு அடுத்த நாள் ஒரு பாரை மீன் பழசா புதுசா என்று நானும் மீன்காரரும் என் கணவரும் முற்றத்தில் மூன்று முனையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து குரல் வந்தது. “ஆர் ஆரோடை முதல் சண்டை பிடிச்சாலும் முடிவு ஒண்டுதான் அக்கா!” விசர் பிடித்த கதை என்று நினைத்தேன். கடைசியில் மீனை நான்தான் வெட்டினேன்.

விடியற்காலையில்தான் அவர் முழுசாக வேறு உலகத்தில் இருப்பார். காற்று எழும்ப முதல் துறைமுகம் பால்நிறமாகக் கிடக்கும். கப்பல்கள் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே எதிலும் படாமல் மிதக்கும். சேர் பல்துலக்கும் தூரிகையை வாயில் வைத்தபடி மேல்மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நுரை காய்ந்து போனாலும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோன என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எல்லாக் காந்தமும் மேலை பாக்குது. ஒண்டே ஒண்டு மட்டும் கீழை திரும்பிட்டுது. இப்ப அது எங்கை நிக்கும்?”

“திரும்பின இடத்திலை நிக்கும். வேறை எங்கை போகப்போகுது?”

“இல்லையக்கா. ஓரிடத்திலை நிக்காது. வரிசை முழுக்க அலையாப் பரவிடும். எல்லாரிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இதிலைதான் இருக்கு எண்டு ஒண்டையும் காட்ட ஏலாது.”

நானும் கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வள்ளம் போனது. அது போன பிறகு அதன் அலை மெல்ல மெல்ல வந்து, எங்கள் கரையில் கட்டியிருந்த வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கீழே குசினியில் சோறு அடிப்பிடித்த மணம் வந்துதான் எனக்குச் சுயநினைவு வந்தது. ஐயோ, அந்த மனிதரோடு சேர்ந்தால் வீடு உருப்படாது!

நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் அவர் உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். கொளுத்துகிற வெயிலில் வரிசை சந்தியைத் தாண்டிப் போயிருக்கிறது. சேர் இறங்கி நடந்து முன்னால் போய், “வரிசையை வட்டமாக்கினால் ஒருத்தரும் கடைசி இல்லை” என்று விளக்கியிருக்கிறார். “அப்ப முதலாவது ஆள் ஆர்?” என்று விடியப்புறமே வந்து முதலாவதாக நின்றவர் கேட்டிருக்கிறார். “முதலாவதும் இல்லை” என்றிருக்கிறார் இவர். என் கணவர்தான் போய்ப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ‘வட்டம் சேர்’ என்ற பட்டம் அன்றைக்குத்தான் ஊர் முழுக்கப் பரவியது.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் என் தங்கச்சி வசந்தியைக் கலியாணத்துக்குப் பேசினேன். வசந்தி என் சித்தப்பாவின் மகள். மூதூரில் ஆசிரியை. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம், என்னைப்போல. முப்பத்தேழு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. பிழை அவளில் இல்லை. சித்தப்பாவுக்கும் அவருடைய தமையனான பெரியப்பாவுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வயலுக்கு வாங்கிய தண்ணீர்ப் பம்பைக் கடைசியாகப் பாவித்துப் பழுதாக்கியது யார் என்பதில் தொடங்கிய சண்டை. பெரியப்பாவைக் கூப்பிட்டால் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூப்பிடாவிட்டால், தமையனே வராத வீட்டில் என்ன சம்பந்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள். வந்த நாலு சம்பந்தமும் இப்படியே போனது. “இதுதான் கடைசி அக்கா. இதுவும் குழம்பினால் இனி ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்” என்று வசந்தி சொல்லியிருந்தாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

சேரிடம் கேட்டேன். “எனக்கு விருப்பம்தான் அக்கா. ஆனா என்ரை பக்கத்திலை வந்து இருக்க ஒருத்தரும் இல்லையே.” தாய் தகப்பன் சின்ன வயதிலேயே இல்லை, விடுதியில் வளர்ந்தவர்.

“முதல் வாங்கோ, பிறகு பாப்பம்” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

சித்தப்பா வீடு ஈச்சிலம்பற்றில். எங்கள் குடும்பத்துச் சபைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. கதிரைகளை ஒரே வரிசையாகப் போட்டு, ஒரு நுனியில் பெரியப்பாவையும் மற்ற நுனியில் சித்தப்பாவையும் இருத்துவோம். நடுவில் மற்றவர்கள். இப்படி இருத்தினால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, சாப்பாடு வரைக்கும் சமாளிக்கலாம். அன்றைக்கும் அப்படியே போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வசந்தி வாயைத் திறக்கும்வரை.

“நீங்கள் என்ன ஆராய்ச்சி செய்யிறியள்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோவன்” என்றாள்.

போச்சுது! சேர் எழும்பிவிட்டார்.

“நாங்கள் பத்துப் பேர் இருக்கிறம். எல்லாரும் காந்தம். எழும்பி நிண்டால் மேலை, கதிரையிலை இருந்தால் கீழை. இந்தக் காந்தங்களுக்குப் பக்கத்து ஆளுக்கு எதிராச் செய்யிறதுதான் விருப்பம். அயலார் நிண்டால் நீங்கள் இருக்கோணும். ஒரு நிமிசம், நுனி இருந்தால் கணக்குக் கரைச்சல்...”

நான் “சேர்!” என்று கத்துவதற்குள் கதிரைகளை வளைத்துவிட்டார். இரண்டு நுனியும் வந்து சேர்ந்தன. பெரியப்பாவின் முழங்கையும் சித்தப்பாவின் முழங்கையும் முட்டின.

அந்த நேரம் பார்த்துச் சித்தி தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனார். சேர் அதைக் கவனிக்கவில்லை. பெரியப்பாவிலிருந்து தொடங்கினார். பெரியப்பா நின்றார், பெரியம்மா இருந்தார், மாமா நின்றார், மாமி இருந்தார், என் கணவர் நின்றார், நான் இருந்தேன், சேர் நின்றார், வசந்தி இருந்தாள். சித்தப்பா நின்றார். பக்கத்தில் பெரியப்பாவும் நிற்கிறார்.

சேர் விரல் விட்டு எண்ணினார். முகம் வெளிறியது. “ஐயோ, ஒற்றைப்படையாப் போச்சுது!”

இரண்டு கிழவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். முதலில் கதிரையில் இருக்கிறவர் தோற்றவர் என்று இருவருக்கும் தெரியும்.

“அவரை இருக்கச் சொல்லு பிள்ளை” என்றார் சித்தப்பா என்னிடம்.

“முதல் அவன் இருக்கட்டும், பிறகு நான் இருக்கிறன்” என்றார் பெரியப்பா கூரையிடம்.

வசந்தி என்னைப் பார்த்தாள். ஐந்தாவதும் போகிறது என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது. நான் சாமியைக் கூப்பிட்டேன்.

சேருக்கு இது ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் காந்தம். இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, ஆறுதலாகச் சொன்னார். “ஐயா, இதிலை உங்கள் ரெண்டு பேரிலும் ஒரு பிழையும் இல்லை. வட்டம் ஒற்றைப்படையா வந்தால் எங்கையாவது ஒரு சோடி முட்டத்தான் வேணும். நீங்கள் எவ்வளவு நல்லவையா இருந்தாலும் முட்டும். அது இப்ப உங்களிலை வந்து நிக்குது, அவ்வளவுதான்.”

இத்தனை வருடத்தில் எத்தனை பெரியவர்கள் மத்தியஸ்தம் பேசியிருப்பார்கள்! ஆளுக்கு ஒரு பிழையைப் பங்குபோட்டுக் கொடுத்தார்களே தவிர, பிழையே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

பெரியப்பாவின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. சித்தப்பா அதைப் பார்த்தார்.

“இருங்கோ அண்ணை. கால் நோகும்.”

பெரியப்பா இருந்தார். இருந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“நல்லது! இப்ப அது நகரும்!” என்றார் சேர். பெரியப்பா இருந்ததால் பெரியம்மா எழும்ப வேண்டும். அவர் எழும்ப மாமா இருக்க வேண்டும். மாமி எழும்பினார், என் கணவர் இருந்தார், நான் எழும்பினேன். சண்டை ஒருவர் கையிலும் நில்லாமல் வட்டத்தில் ஓடியது. எல்லாருக்கும் சிரிப்பு. நான் நின்றதால் சேர் இருந்தார். பக்கத்தில் வசந்தியும் இருக்கிறாள். இனி எழும்ப வேண்டியவள் அவள்.

வசந்தி எழும்பவில்லை.

“நீங்கள் எழும்போணும்” என்றார் சேர் மெதுவாக. “இல்லாட்டி அது எங்களிலையே நிண்டுடும்.”

“பரவாயில்லை” என்றாள் வசந்தி. “இஞ்சையே நிக்கட்டும்.”

சேருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் காது இரண்டும் சிவந்துவிட்டன.

சித்தி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்று முழித்தார். பெரியப்பா சால்வையை எடுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். தம்பியாரையும் பக்கத்தில் இருத்தி, அவருடைய தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முறைப்படி கேட்டார்.

“சரி, எங்கடை பக்கத்திலை நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம். மாப்பிள்ளை பக்கத்திலை ஆர் கதைக்கிறது?”

சேர் தலை குனிந்து, ஒன்று தள்ளிப் பூட்டியிருந்த சேர்ட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் கதைக்கிறன்” என்றேன்.

“நீ எங்கடை பிள்ளையெல்லோ?” என்றார் சித்தப்பா.

“இண்டைக்கு இல்லை” என்று சொல்லிவிட்டு, கதிரையில் போய் இருந்து, நன்றாகச் சாய்ந்து, காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுத் தோரணையில் சித்தியைப் பார்த்தேன். “என்ரை தம்பி இவ்வளவு சீனி போட்ட தேத்தண்ணி குடிக்கமாட்டார். வேறை போட்டுக்கொண்டு வாங்கோ.”