லத்தீன் அண்ணையும் வெள்ளை வயிற்று எலியும்

ரொறன்ரோவில் எலி பிடிக்கும் தொழிலில் இருந்துகொண்டு எலிக்காக வழக்காடிய ஒரே மனிதர் லத்தீன் அண்ணையாகத்தான் இருப்பார். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவர். பட்டம் கைக்கு வருமுன் நாட்டைவிட்டு ஓடிவர நேர்ந்தது. எந்த எலியையும் அதன் லத்தீன் விஞ்ஞானப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் யாரும் கேட்டதில்லை.

முதலில் ஒரு கம்பனியில் வேலை பார்த்தார். கல்யாணக் கூட்டம் நிறைந்த சேலைக் கடையொன்றில் பொறியை உயர்த்திப் பிடித்து, "ஒருத்தரும் பயப்படாதேங்கோ! உது வீட்டெலி இல்லை, காட்டெலி!" என்று அறிவித்தார். கடை காலியானது. திங்கட்கிழமை அவருடைய வேலையும் காலி.

பிறகு தனியாகத் தொழில் நடத்தினார். ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் நாங்கள் வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் பேஸ்மென்டில் ஓர் எலி குடியேறியது. என் மனைவி கதிரையில் ஏறி நின்றபடி அவருக்குப் போன் செய்தாள். வந்தார், பெட்டிப் பொறியில் உயிரோடு பிடித்தார். அத்தோடு போயிருக்கலாம். முகக்கவசம், கையுறை, பூதக்கண்ணாடி சகிதம் உட்கார்ந்துவிட்டார்.

"வாலைப் பாருங்கோ. மேல மண்ணிறம், கீழ வெள்ளை. வயிறும் வெள்ளை. பெரொமிஸ்கஸ்! வீட்டெலியின்ர குடும்பமே இல்லை. ஹாம்ஸ்டருக்குத்தான் கிட்டின சொந்தம்."

"எந்தக் குடும்பமெண்டாலும் கொண்டுபோங்கோ அண்ணை" என்றாள் மனைவி, கதிரையிலிருந்து.

"அவசரப்படாதேங்கோ தங்கச்சி. வீட்டெலிதான் கப்பலேறி வந்தது. உவன் இந்த மண்ணுக்காரன். எங்களுக்கு முன்னமே இஞ்ச இருக்கிறான்."

"அப்ப நாங்கள் வெளிக்கிடுவமோ?"

அவர் அதை உண்மையாகவே யோசிப்பது போலிருந்தது.

மான் எலியா, வெள்ளைக்கால் எலியா என்பதுதான் மிச்சச் சிக்கல். இரண்டும் ஒரே பேரினம். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். வாலை அளந்தார், காதை அளந்தார். மூன்று தேநீர் முடிந்தது.

"சொல்லேலாமக் கிடக்கு" என்றார், குரல் இறங்கி. "படிப்பை முடிச்சிருந்தா ஒருவேளை..."

மனைவி கதிரையிலிருந்து இறங்கினாள். பொறிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணைப் பாருங்கோ அண்ணை, எவ்வளவு பெரிசு. மான் எலிதான். எழுதுங்கோ."

விஞ்ஞானம் அதை ஒத்துக்கொள்ளாது. அண்ணை ஒத்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். எலியைப் பிக்கரிங் பக்கத்துக் காட்டோரம் விடப்போனபோது, மனைவி ஒரு பிடி கச்சான் கடலையும் கொடுத்தனுப்பினாள்.

போகுமுன் வீட்டு ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் போனார். கெட்டிக்காரர். அதன்பின் ஒரு எலியும் வரவில்லை. அவரைக் கூப்பிடவும் காரணமில்லாமல் போயிற்று.

போன மாதம் மனைவி போனை எடுத்தாள். "அண்ணை, பேஸ்மென்டில என்னவோ ஓடுற மாதிரிக் கிடக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.